தீர்த்தக் கிணறும் நான்கு பிள்ளைகளும்

1974ஆம் ஆண்டு ஐப்பசியில் எங்கள் மூன்று வயது மகள் வள்ளி சாகப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அன்று அதை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. கிருத்திகைதோறும் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடி முருகனைப் பாடும் நமக்குள் சொல்ல வேண்டும் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

மொன்றியலின் மேற்கே, பியர்பொன்ட்ஸில் ஒரு பழைய கல் பண்ணைவீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் ஹார்லோ, எழுபது வயதுக்காரர், அடுத்த கட்டடத்தில் தனியாக இருந்தார். அவருடைய முன்னோர் எஸ்ரா என்பவர் அமெரிக்க எல்லைக் காட்டிலிருந்து இரண்டு எருதுகளோடு வந்தாராம். மரங்களை வெட்டி நிலமாக்கி, இந்த வீட்டைக் கட்டி, பின்புறம் கிணறும் வெட்டினாராம்.

வீட்டில் நகராட்சிக் குழாய் உண்டு. ஆனால் அந்தத் தண்ணீரில் குளோரின் வாடை. அபிஷேகத்துக்கு அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஹார்லோவிடம் கேட்டுக் கிணற்று நீரை எடுத்தேன்.

"குளோரின் ஆகாதுன்னு முருகன் உன்கிட்ட வந்து சொன்னாரா?" என்றார் என் கணவர்.

"உங்களுக்குப் பிடிக்காத சட்னியை நான் வைக்கறதில்லையே, அது மாதிரிதான்" என்றேன்.

ஐப்பசி பிறந்ததும் வள்ளிக்குக் காய்ச்சல், இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் பத்து நாள் வைத்துத் தேற்றினார்கள். வீட்டுக்கு வந்த நான்காம் நாள் மறுபடியும் அதே நோய். மறுபடியும் மருத்துவமனை, மறுபடியும் தேறினாள். "மூன்றாவது முறை வந்தால் இந்த உடம்பு தாங்காது" என்றார் மருத்துவர்.

நான் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் கிருமிப் பரிசோதகர். பயம் வந்தால் பட்டியல் போடுவேன். குழாய்த் தண்ணீர், பால், முட்டை, கீரை, பாத்திரம் துடைக்கும் துணி, என் கணவர் கை, என் கை. எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துச் சோதித்தேன். எதிலும் ஒன்றும் இல்லை. பட்டியல் தீர்ந்துவிட்டது.

வீட்டுக்குள் ஏதோ இருந்தது. வள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அது அவளைத் தொட்டது. கிருத்திகைக்கு மட்டும் செய்த அபிஷேகத்தை, அவள் முதல் முறை வீடு திரும்பிய நாளிலிருந்தே நான் தினமும் செய்யத் தொடங்கியிருந்தேன். காலையும் மாலையும் அவளுக்குத் தீர்த்தம் கொடுத்தேன். ஏலமும் துளசியும் போட்ட தீர்த்தம் அவளுக்கு உயிர். "இன்னும்மா" என்று கை நீட்டுவாள்.

இரண்டாம் முறை வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலை, அவள் நெற்றி லேசாகச் சுட்டது. விக்கிரகத்தின் முன் உட்கார்ந்தேன். "முருகா, எனக்குத் தெரிந்ததையெல்லாம் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியாததை நீ காட்டு." அவ்வளவுதான் கேட்டேன். தீர்த்தக் கிண்ணத்தையும் உத்தரணியையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். கதவு தட்டப்பட்டது.

ஹார்லோ ஒரு தடித்த பைபிளோடு நின்றார். முகம் வெளுத்திருந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னது இது: "குழந்தையைத் தூக்கிட்டு இன்னிக்கே கிளம்பிடுங்கம்மா. இந்த வீடு பிள்ளைகளைத் தின்னும்னு எங்கப்பா சொல்லுவார். நான் சிரிச்சிருக்கேன். நேத்து எஸ்ரா எழுதினதைத் திறந்து பார்த்தேன். இப்போ சிரிக்க முடியலே."

"பெட்டியை எடுக்கவா?" என்றார் என் கணவர்.

"இருங்க, படிச்சிடறேன்."

பைபிளின் பின்பக்கத்தில் எஸ்ராவும் ஒரு பட்டியல் போட்டிருந்தார். கிணற்றுக்கு மேற்சரிவில் மாட்டுத் தொழுவம் கட்டினேன். ரூத் போனாள். ஜோயல் போனான். இரட்டையர் இருவரும் ஒரே நாளில். அடுத்த வரி: கிணற்றைப் பலகையால் மூடி ஆணி அடித்தேன், இனி ஓடைத் தண்ணீர். அதன் பிறகு பிறப்புகள் மட்டுமே. ஒரு குழந்தையும் சாகவில்லை.

"அந்தப் பலகையை எடுத்தது யாரு?"

"எங்கப்பா. தோட்டத்துக்குத் தண்ணி வேணும்னு."

"தொழுவம் இருந்த இடத்துல இப்போ என்ன இருக்கு?"

அவர் யோசித்தார். "கழிவுத் தொட்டி."

வள்ளி என் புடவையைப் பிடித்து இழுத்துக் கை நீட்டினாள். என் உத்தரணியில் தீர்த்தம் நிறைந்திருந்தது. தண்ணீரைச் சோதிப்பதே என் தொழில். ஆனால் தீர்த்தத்தை நான் ஒரு நாளும் தண்ணீராக நினைத்ததில்லை. என் பட்டியலில் அது இல்லை. நோய் கூடக் கூட, என் கையாலேயே அதை அதிகமாகக் கொடுத்திருந்தேன்.

கிண்ணத்திலிருந்த நீரைச் சோதனைக்கு எடுத்துச் சென்றேன். மறுநாள் சோதனைத் தட்டு முழுவதும் கிருமி. அதைக் கேட்டதும் மருத்துவர் மருந்தை மாற்றினார். வள்ளி வீட்டிலேயே எட்டு நாளில் முழுவதும் தேறினாள். ரசம் சாதம் கேட்டாள். மூன்றாவது முறை என்று ஒன்று வரவேயில்லை.

ஹார்லோ கிணற்றை மண் போட்டு மூடினார். நான் இப்போது குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து அபிஷேகம் செய்கிறேன். முருகன் ஏற்றுக்கொள்கிறான். கிருத்திகை பூஜையில் ரூத், ஜோயல், பெயர் எழுதப்படாத அந்த இருவர் என நால்வரையும் நினைத்து ஒரு விளக்கு ஏற்றுகிறேன். எஸ்ராவும் தன் கடவுளிடம் மன்றாடியிருப்பார். அவருடைய பிள்ளைகள் ஏன் பிழைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. துக்கத்தில் அவர் எழுதிய ஒரு வரி, நான் கேட்ட அதே காலையில் என் கைக்கு வந்தது. அதை அனுப்பியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்களில் யாராவது இன்று நான் உட்கார்ந்த அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால், தெரியாது என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். பிறகு கதவைத் திறந்து வையுங்கள்.