சோலையம்மாள் திருப்பிவிட்ட ஜீப்புகள்

சோலையம்மாளை ஊரில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. வாய் அப்படி. ஆனால் அவள் போன் அடித்தால், ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் அடுப்பில் இருக்கிற பாலை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவார்கள். ராசிங்காபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விடியுமுன்னே ஜீப்புகள் இங்கிருந்து போடி வழியாக மலை ஏறும். ஆள் சேர்த்து, ஜீப்பில் அடைத்து, எஸ்டேட்டில் பேர் கூப்பிடுவதற்குள் கொண்டுபோய் நிறுத்துவது அவள் சோலி. பேர் கூப்பிட்டு முடித்தபிறகு போனால் வேலை கிடையாது, திரும்பி வர வேண்டியதுதான். மிளகு பறிக்கிற ஏணியிலிருந்து விழுந்து புருஷன் படுக்கையில் கிடக்கிறான். அவள் மலை ஏறினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

ஊருக்கு ஒரே ரோடு. என் வீட்டுக்கு எதிரே அதில் ஒரு தரைப்பாலம். ஒரு வண்டி போனால் எதிரே வருகிற வண்டி நின்றுதான் ஆக வேண்டும். பாலத்தைத் தாண்டி ஊருக்குள் நுழைகிற இடத்தில் இருந்த தென்னந்தோப்பை வெட்டிச் சாய்த்துவிட்டு, நானூறு வீடு கட்டப் போவதாகக் கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டியது ஒரு கம்பெனி. காய்க்கிற மரங்கள் எல்லாம் குப்புறக் கிடந்தன.

அனுமதி வாங்குமுன் ரோடு தாங்குமா, பஸ்சு போதுமா என்று கணக்கெடுக்க வேண்டுமாம்; எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. அதற்காகக் கம்பெனி அனுப்பிய இரண்டு பேர் ஒருநாள் இருட்டோடு பாலத்தில் வந்து நின்றார்கள். மினுங்குகிற மஞ்சள் சட்டை, கையில் பரீட்சை அட்டை. எங்கள் பக்கம் அந்தக் கோலத்தில் யார் நின்றாலும் ஒரே அர்த்தம்தான்: செக்கிங். ஜீப்பில் ஆளை அடைத்துக்கொண்டு போவதற்குக் கேஸ் போடுவார்கள். சோலையம்மாள் என் வாசலில் நின்றபடியே போனை எடுத்தாள்.

“டேய் தங்கபாண்டி, பாலத்துப் பக்கம் வந்துறாத. மஞ்சச்சட்டை நிக்கிது. வாய்க்காக் கரையோட விடு. பின்னாடி வர்றவனுகளுக்கும் சொல்லிரு, வெரசா!”

ஜீப்பெல்லாம் வாய்க்கால் கரையோடு போய்விட்டன. அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கி ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். மஞ்சள் சட்டைக்காரர்கள் வெறும் ரோட்டைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன். எதற்கு நிற்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம். கம்பெனி இன்ஜினியர் ராஜாராம் எழுந்து வாசித்தார்.

“காலைல இந்த ரோட்டுல ஆள் ஏத்துற வண்டியே கிடையாது. ரெண்டு பால் வண்டி, ஒரு டிராக்டர், அவ்வளவுதான். நானூறு வீடு வந்தாலும் ரோடு தாங்கும். டவுன் பஸ்சும் காலியாத்தான் போகுது.”

காலியாகத்தான் போகும். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் ஜீப்பில் போனபிறகு வருகிற பஸ்சில் யார் ஏறுவது, பேயா?

சோலையம்மாள் என் கையைப் பிடித்தாள். “ஏத்தா, அன்னைக்கி நிண்டது செக்கிங் இல்லையா? நாந்தான அம்புட்டு ஜீப்பையும் திருப்பிவிட்டேன்!”

“உக்காரு மதினி. வாயத் தெறந்தா தங்கபாண்டி மேல கேஸ் போட்ருவாய்ங்க.”

“தெறக்கலேன்னா பொழப்பே போயிரும்.” எழுந்துவிட்டாள். “சார், ஜீப்பு தெனம் வரும். உங்க ஆளுகளச் செக்கிங்குன்னு நெனச்சு நாந்தான் வாய்க்காப் பக்கம் விடச் சொன்னேன். இன்னொரு நா வந்து எண்ணுங்க. நானூறு வீட்டுக் காரும் அந்தப் பாலத்துல வந்து நிண்டா, நாங்க எப்பப் போயி மலை ஏறுறது?”

அவர் பக்கத்தில் இருந்த, அனுமதி கொடுக்கிற அதிகாரிக்கு அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது. “செக்கிங்குக்கு ஏம்மா பயப்படுறீங்க? ஒரு ஜீப்புல எத்தன பேர ஏத்துறீங்க?”

“மடியில உக்காந்து வர்றவளயும் சேத்தா சார்?” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். மறுபடி எண்ணுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் இருட்டோடு பாலத்தில் நிஜமாகவே செக்கிங். காக்கிச்சட்டை. தங்கபாண்டி ஜீப்பை என் வாசலில் நிறுத்தி, முன்சீட்டில் இருந்த சோலையம்மாளைக் கேட்டான்.

“சின்னாத்தா, கரையில எறக்கிரவா?”

“எறக்காத. நேரா விடு. கண்ணால பாக்கட்டும்.”

ஜீப் பாலத்தில் ஏறியது, பின்னால் மற்ற ஜீப்புகள். எதிரே, தோப்புக்கு ஜல்லி ஏற்றிய லாரி. இரண்டும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ரோடு முழுக்க ஹாரன். சோலையம்மாள் கீழே குதித்தாள்.

“இப்ப எண்ணுங்க சார்!”

எண்ணவில்லை. ஜீப்புகளைப் பின்னால் எடுக்கச் சொல்லி லாரிக்கு வழி விட்டார்கள். பலகைக்கு மேலே குவித்திருந்த ஜல்லியை வழியெல்லாம் சிந்திக்கொண்டு அது போனது. ஒருத்தர் கேட்கவில்லை, இது என்ன லோடு என்று. தங்கபாண்டிக்கு மட்டும் அபராதம். ஜீப்புகளைப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். லாரியை எடுக்கவில்லை. தூ.

பளபளவென்று விடிந்துவிட்டது. மலையில் பேர் கூப்பிட்டு முடிந்திருக்கும். பெண்கள் முனகிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்கள். சோலையம்மாள் என் வாசப்படியில் உட்கார்ந்து, தோட்டத்துக்குக் கட்டிய சோற்றைத் தூக்குச்சட்டியிலிருந்து அள்ளித் தின்றாள்.

“நாளைக்கி என்ன செய்யப்போற மதினி?”

“இதே ரோடு, இதே பாலம். கரைப்பக்கம் எவனாச்சும் ஒதுங்குனான்னா டயர்ல நானே ஆணி அடிப்பேன். அவிங்க எண்ணுற வரைக்கும் இங்கனதான் நிப்போம்.”

கையைக் கழுவிவிட்டு, ஒவ்வொரு டிரைவருக்கும் போன் அடிக்க ஆரம்பித்தாள்.