புறொடெக்டெட் வீடு

புறொடெக்டெட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். தொண்ணூறுகளின் கடைசியில் மட்டக்களப்பு டவுனில் சி பிளஸ் பிளஸ் என்ற கம்பியூட்டர் மொழி படிக்கப் போய்வந்தேன். நாவற்குடாவில் இருந்த எங்கள் வீடு அப்போது ராணுவ முகாமாகியிருந்தது. நானும் அம்மாவும் ஆரையம்பதியில் சின்னம்மா வீட்டுப் பின்னறையில் ஒண்டியிருந்தோம். எனக்குக் கல்யாணமும் பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தாயின் வீடுதான் மகளுக்குச் சீதனம், மாப்பிள்ளை அங்கே வந்துதான் குடியிருப்பார். வீடு திரும்பக் கிடைத்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை.

படிப்பித்தவர் வெளியூர்க்காரர். எல்லாம் தெரிந்தவர் என்ற நினைப்பு வேறு. புறொகிராமில் சாமான்களைப் பூட்டி வைக்கும் பெட்டிக்கு கிளாஸ் என்று பேர்; அதற்குள் இருப்பதை யார் தொடலாம் என்று ஒருநாள் படிப்பித்தார்.

"பிரைவேட் எண்டா அந்த கிளாசைத் தவிர ஒருத்தரும் தொட ஏலாது. புறொடெக்டெட் எண்டா வெளியாக்கள்தான் தொட ஏலாது, பிள்ளை கிளாஸ் தொடலாம். அப்பாட சொத்து மகனுக்கு வாற மாதிரி."

"எங்கட ஊரில அம்மாட வீடு மகளுக்குத்தான் சேர்," என்றேன். வகுப்பு சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.

"அப்ப அப்பிடியே எழுதிக் காட்டுங்க பாப்பம்."

எழுதினேன். அம்மா என்று ஒரு கிளாஸ், அதற்குள் புறொடெக்டெட்டாக வீடு. அம்மாவிலிருந்து இறங்கிய பிள்ளை கிளாசாக மகள். மகளுக்குள் ஓர் அம்மாவை உருவாக்கி, அந்த அம்மாவின் வீட்டைத் திறக்கச் சொன்னேன். எங்கள் ஊர்க்காரி வேறெப்படி எழுதுவாள்? எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் ஏற்கவில்லை. வீடு புறொடெக்டெட் என்று பிழை காட்டியது.

அவருக்கு ஒரே கொண்டாட்டம். "மகளுக்கு இறங்கி வந்த வீட்டை மகள் தொடலாம். தனியா நிக்கிற அம்மாட வீட்டில கை வைக்க ஏலாது. அங்க மகளும் வெளியாள்தான்."

அவர் சொன்னது சரி, அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அந்த வரியில் அம்மாவின் பெயரை அழித்துவிட்டு வீட்டை மட்டும் விட்டேன். புறொகிராம் ஓடியது.

அந்தக் கிழமையே அம்மாவும் நானும் முகாமுக்குப் போய் வீட்டைக் கேட்டோம். வாசலைத் தாண்ட விடவில்லை. உள்ளே போய்க் கேட்டுவந்த, தமிழ் தெரிந்த ஒருவர், "உங்கட வீடு பாதுகாப்பா இருக்காம், பயப்பட வேணாமாம்," என்றார். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என் கையைக் கிள்ளினா.

மாப்பிள்ளையின் தாயிடம் போய் உள்ளதைச் சொன்னோம். வெற்றிலையை அதக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தா.

"வீடு பாதுகாப்பா இருக்கெண்டா நல்லம்கா. உங்கட புள்ளையும் அப்பிடியே பாதுகாப்பா இருக்கட்டும்."

அத்தோடு பேச்சு முடிந்தது. அந்தக் கிழவியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. நொத்தாரிசிடம் போய் வீட்டை என் பேருக்கு எழுதினா. "இனி அது என்ட இல்லகா, உன்ட. எவன் என்ன சொல்றான் பாப்பம்," என்றா.

அடுத்த நாள் வகுப்புக்குப் போகையில், வழக்கம்போல நாவற்குடாவில் முகாமுக்கு முன்னால் சோதனைக்காக எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி நடக்கவிட்டார்கள். காவலுக்கு நின்ற சிப்பாய் என் அடையாள அட்டையை வாங்கி விலாசத்தை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"இந்த வீடு எங்க?"

அவனுக்குப் பின்னால் கையைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தான்.

"அது வீடு இல்ல, கேம்ப். நீ பொய்," என்று அரைகுறைத் தமிழில் என்னை ஒதுங்கி நிற்கச் சொன்னான். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. என் பேரில் இருந்த வீட்டின் மதிலோரம், அவன் போகச் சொல்லும்வரை வெயிலில் நின்றேன்.