ஜுனைதீன் வெட்டிய முள்முருங்கை

பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்தார் ஜுனைதீன். ரயில் இன்னும் பதுளைக்கு வந்திராத காலம். துணிமூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடந்தே போவார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கல்யாணம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அங்கே எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன்.

ஒரு பங்குனி மாதம் அவர் போன லயத்தில் எல்லோரும் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். வேலாயி மட்டும் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். "அடுப்பு மூட்டக்கூட வெறகு இல்ல நானா" என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசலுக்கு எதிரே ஒரு மரம் நின்றது. ஓர் இலைகூட இல்லை. கிளை நுனிகளில் கருகலாக ஏதோ ஒட்டியிருந்தது. பட்டுப்போன மரம், வெட்டித்தர ஆளில்லாமல் நிற்கிறது என்று நினைத்த ஜுனைதீன், மூலையில் கிடந்த கோடரியை எடுத்தார். மைனாக்கள் கலைந்து பறந்தன. வெட்டிய இடம் ஈரமாக இருந்தது. மனசுக்குள் ஏதோ உறுத்தியது, கை நிற்கவில்லை.

மரம் சாய்ந்த சத்தத்தில் வேலாயி எழுந்து வந்தாள். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்களும் ஓடி வந்தார்கள்.

"ஐயோ! பூத்துக் குலுங்குற மரத்த வெட்டிப்புட்டீங்களே!"

"பூவா? எங்க பூ?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. வேலாயி ஒரு கொத்தை ஒடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ரத்தமாட்டம் செவந்து கெடக்கே, தெரியலியா?"

பூ என்பது இப்போது தெரிந்தது. ஆனால் அதன் நிறத்துக்கும் மரப்பட்டையின் நிறத்துக்கும் அவர் கண்ணில் பெரிய வித்தியாசமில்லை.

"அன்னைக்கு மழையில மூட்டை கலைஞ்சப்ப, பாசி நெறச் சீலையக் குடுத்துட்டு இதான் செவப்புன்னு சாதிச்சாரே!" என்றாள் பரிமளம். எல்லோரும் சிரித்தார்கள். வேலாயி சிரிக்கவில்லை. அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் கிளைப் போத்தாக நட்ட மரம் அது. இந்த வருஷம்தான் முதல் பூ.

ஜுனைதீனுக்குக் காது சுட்டது. மன்னிப்புக்கூடக் கேட்காமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

வீட்டில் மனைவி றஷீனாவிடம் பாதிதான் சொன்னார். அவள் மீதியைச் சொன்னாள்: "நிக்காஹ் முடிஞ்ச வருசமே எனக்குத் தெரியும். அதுக்குத்தானே சிவப்பெல்லாம் இடப்பக்கமா அடுக்கித் தாறேன்."

மூட்டையைக் கலைக்காதீங்க என்று அவள் சொன்னபோதெல்லாம் எரிந்து விழுந்திருக்கிறார். லயத்துச் சிரிப்பைவிட அந்த நினைப்பு அவரை அதிகம் குன்ற வைத்தது.

அதன்பின் அந்த லயத்துப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் நடந்தார். கடைசியில் வேலாயியே கடைக்கு வந்தாள். கடை நிறைய ஆட்கள்.

"மன்னிச்சுக்க தங்கச்சி. எனக்குச் செவப்பு தெரியாது" என்றார், தலை நிமிராமல்.

"அது ஒங்க குத்தமில்ல நானா. கேட்டுட்டு வெட்டியிருக்கலாம்" என்றாள் அவள். "கெளைய நட்டுருக்கேன், துளுத்திருச்சு."

பிறகு அவர் தோட்டங்களுக்குப் போகத்தான் செய்தார். கொன்றையின் மஞ்சளை நின்று ரசிப்பார். முள்முருங்கை பூக்கும் மாதத்தில் மட்டும் எதிரே வருகிறவரிடம், "அந்த மரம் பூத்திருக்கா?" என்று தணிந்த குரலில் கேட்பார்.