எழுதாமல் போன இரண்டு பரீட்சைகள்

இரண்டு வருடங்களுக்கு முன், பெரும்போக விதைப்பு முடிந்து மாரி மழை பிடித்துக்கொண்ட நாட்கள். அப்போது நான் கல்முனையில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்ற ஆசை பல்கலைக்கழகத்தை விட்டு வந்த நாளிலிருந்தே இருந்தது. சிங்கப்பூரில் ஒரு கல்லூரியைப் பார்த்தும் வைத்திருந்தேன். அங்கே முதல் சுற்றில் விண்ணப்பிக்கிறவர்களுக்கு மட்டும் முழுப் புலமைப்பரிசில் உண்டு. அது கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் ஆசையை மடித்து வைக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டு நிலைமை அப்படி.

அந்தக் கல்லூரிக்கு ஒரு நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். கொழும்புக்குப் போய்க் கணினியில் எழுதுகிற பரீட்சை. ஒரு வருடமாக அதற்குப் படித்தேன். அலுவலகம் விட்டு வந்து, பாரிசவாதத்தில் படுத்திருந்த உம்மாவுக்குச் சோறு தீத்திவிட்டு, தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி அந்த மேசையிலேயே புத்தகத்தை விரிப்பேன். கணிதத்தில் நான் சுமார்தான். ஆங்கில வசனங்களில் பிழை கண்டுபிடிக்கிற பகுதியில்தான் என் பலம் முழுவதும் இருந்தது. மாதிரிப் பரீட்சைகளில் அந்தப் பகுதிதான் என்னைத் தூக்கிவிட்டது.

கொழும்பில் திகதி எடுத்த பிறகுதான் பரீட்சையே மாறப்போகிற செய்தி வந்தது. கொஞ்ச காலத்துக்குப் பழையதும் நடக்கும், புதியதும் நடக்கும், விரும்பியதை எழுதலாம், அதன் பிறகு பழையது இல்லை என்றார்கள். புதியதில் கட்டுரை இல்லை, கேத்திரகணிதம் இல்லை, நேரமும் குறைவு. ஆனால் என்னைத் தூக்கிவிட்ட அந்த வசனப் பகுதியும் இல்லை. அதற்குப் பதிலாக அட்டவணைகளையும் வரைபுகளையும் வைத்துக் கேள்வி கேட்பார்களாம். பழையதை எழுதினால் அந்த வருட முதல் சுற்றைப் பிடித்துவிடலாம். புதியதென்றால் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும், அடுத்த வருட முதல் சுற்றுக்குக் காத்திருக்கவும் வேண்டும்.

எனக்குப் பழையதுதான் சரி என்று பட்டது. ஆனாலும் மச்சானிடம் கேட்டேன்.

மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு எங்கள் வீட்டில் ஆண் துணை என்றால் அவர்தான். வங்கியில் வேலை, கொழும்பில் எம்.பி.ஏ. முடித்தவர். வீட்டில் ஓர் உத்தியோகக் கடிதம் வந்தாலும் அவர் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் பார்ப்போம். பரீட்சைக்கு என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போக இருந்தவரும் அவரேதான்.

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"ஏ.எல்.ல பழைய சிலபஸ் ஆக்கள் பட்ட பாடு தெரியுந்தானே தங்கச்சி? கடைசித் தரம் எண்டா பேப்பர இறுக்கிப் போடுவாங்க. பாஸ் பண்ணினாலும் பழைய சிலபஸ் எண்டு கீழ்க்கண்ணாலதான் பாப்பாங்க. நான் கூட்டாளி ஒருத்தனிட்டயும் விசாரிச்சன். பழைய மார்க்ஸ் இனிச் செல்லாதாம்."

இந்த நாட்டில் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பல்கலைக்கழகத்துக்கான ஏ.எல். பரீட்சையில் பாடத்திட்டம் மாறுகிற வருடத்தில் பழையதோடு மாட்டிக்கொண்டவர்களின் கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் ராத்தாவே இருந்தாள். பழைய பாடத்திட்டத்தில் கடைசித் தரம் எழுதி, பல்கலைக்கழகம் கிடைக்காமல் போனவள். அந்தப் பயம் எனக்குள்ளும் ஊறிக் கிடந்தது. வேறு ஒரு நாட்டுக்காரன் வைக்கிற பரீட்சையை நம் நாட்டு ஏ.எல். கண்ணால் பார்த்தேன். பழைய மதிப்பெண்ணையும் ஏற்றுக்கொள்வோம் என்று கல்லூரியின் இணையத்தளத்திலேயே போட்டிருந்தார்கள். மச்சான் சொன்ன பிறகு அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இருந்தாலும் மனம் அடங்கவில்லை. இரண்டில் எது நல்லது என்று தெரியாதபோது இரண்டு ரக்அத் தொழுது, நல்லதன் பக்கம் மனதைத் திருப்பும்படி அல்லாஹ்விடம் கேட்பதைத்தான் இஸ்திகாரா என்போம். நானும் தொழுதேன். பழையது என்று ஒரு நேரம் தோன்றும், புதியது என்று ஒரு நேரம் தோன்றும். ஆசை அதிகமாக இருக்கிறவளுக்கு எது ஆசை, எது பதில் என்று எப்படிப் பிரிக்கத் தெரியும்? அதனால் ராத்தாவிடம் போனேன். என்னைத் தூக்கி வளர்த்தவள். எனக்காக நீங்களும் ஒருக்காத் தொழுது பாருங்கள் என்று கேட்டேன். ஓம் என்றாள்.

அடுத்த நாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு முசல்லா விரிப்பைக்கூட மடிக்காமல் என்னிடம் வந்தாள்.

"தொழுதன் புள்ள. எனக்கெண்டா மனசு புதுசுப் பக்கம்தான் சாயுது. ஒரு வருஷந்தானே, அல்லாஹ் லேசாக்குவான்."

அவ்வளவுதான், என் குழப்பம் தீர்ந்தது. உண்மையில் அழுகைகூட வந்தது, நிம்மதியில். அன்றைக்கே எடுத்திருந்த திகதியை ரத்துச் செய்தேன். மச்சான் பக்கத்தில் நின்றார். ராத்தா உம்மாவின் காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். என் விரலால் நானே செய்த வேலை அது.

புதியதற்குப் படிக்கத் தொடங்கி, அட்டவணைகள் கொஞ்சம் பிடிபடுகிற நேரத்தில் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை மச்சானின் தம்பி. எங்கள் வளவுக்குள் பின்பக்கமாக எனக்கென்று வாப்பா தொடங்கிய வீடு கூரை இல்லாமல் நின்றது. அதை முடித்துத் தருவதாக மச்சான் பொறுப்பெடுத்தார். உம்மா கண் மூடுவதற்குள் காவின் எழுதிக் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று ராத்தா அழுதாள். நிக்காஹ் முடித்துவிட்டுப் போய்ப் படிக்கலாம், மாப்பிள்ளைக்கும் சம்மதம் என்றார்கள். நான் தலையாட்டினேன். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளிலேயே மகள் வயிற்றில் வந்துவிட்டாள். புதிய பரீட்சை எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இது விதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கரைப்பற்றில் மச்சானின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வலீமா விருந்துக்குப் போகும்வரை.

பெண்கள் பக்கத்தில் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரே தட்டில் எல்லோரும் கை வைத்துச் சாப்பிடுவது எங்கள் விருந்து வழக்கம். எனக்கு ஒரு பக்கத்தில் ராத்தா. எதிரே எங்கள் இருவருக்கும் மாமியார். தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி, வெளிநாட்டில் படிக்கப் போகிற புள்ள நீதானே, போகவில்லையா என்று என்னிடம் கேட்டாள். மாமி முந்திக்கொண்டார். மாமி கெட்டவர் இல்லை. எதையும் ஒளித்து வைக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

"அதெல்லாம் எங்கட மூத்தவன்ட புத்தி. அந்தப் பழைய சோதனைக்கு இவளப் போக உட்டிருந்தா, இந்நேரம் எந்த நாட்டுல நிக்கிறாளோ. ஒரு வருஷம் தள்ளி உட்டாப் பின்னுக்குப் பாத்துக்கலாம் எண்டு அவனும் மூத்த மருமகளும் கதைச்சி வெச்சதாலதானே எனக்கு இந்தத் தங்கம் கிடைச்சிச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். மாமி என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார். பாராட்டாகத்தான் சொன்னார். நான் ராத்தாவைப் பார்த்தேன். அவள் தலையைத் தூக்கவில்லை. சஹனின் நடுவில் இருந்த இறைச்சியைப் பிய்த்து, பெரிய துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளி வைத்தாள். அந்தத் துண்டு கடைசிவரை அங்கேயே கிடந்தது.

மறுநாள் குசினியில் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். மச்சானைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் தம்பிக்கு வீடும் பெண்ணும் பார்த்த மனிதர், அவரிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

"ராத்தா, அண்டைக்கு நீங்க எனக்காக இஸ்திகாரா தொழுதீங்களா?"

துருவுவதை நிறுத்தினாள்.

"தொழல்ல."

ஏன் என்று கேட்டேன்.

"தொழுதா மனசு மற்றப் பக்கம் சாஞ்சிருமோ எண்டு பயமா இருந்திச்சி. நீ போனா உம்மாவ நான் தனிய எப்பிடிகா பாக்கிற? எனக்கும் ஆர் இருக்கா? உனக்கு இப்ப என்ன குறை, சொல்லு. வீடு இருக்கு, மாப்பிள்ள இருக்கார், புள்ள இருக்கு."

அவள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. உம்மாவின் பாரம் முழுதும் அவள் தலையில் விழுந்திருக்கும். "போகாதே, எனக்கு ஏலாது" என்று என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை நானே நின்றிருப்பேன். அதைச் சொல்லாமல் அல்லாஹ்வைச் சாட்சிக்கு இழுத்தாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இரவில் கணவரிடம் சொன்னேன். அவருக்கு எதுவும் தெரியாது, அதை நம்புகிறேன். அண்ணனை விட்டுக்கொடுக்காமல், காக்கா நல்லதை நினைத்துத்தான் செய்திருப்பார் என்றார். பிறகு பிள்ளை அழுகிறது, பாருங்கள் என்றார்.

ராத்தா முன் வீட்டில், நான் பின் வீட்டில். இடையில் மதில்கூட இல்லை. நோன்பு காலத்தில் கஞ்சி காய்ச்சினால் முதல் கோப்பை எனக்குத்தான் கொண்டுவருகிறாள். என் மகள் பாதி நேரம் அவள் இடுப்பில்தான். உம்மாவை இருவரும் சேர்ந்தே புரட்டிப் படுக்க வைக்கிறோம். ஊரில் எங்களைப் பார்த்து அக்கா தங்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்கிறார்கள்.

தொழுதுவிட்டு வரும்போதெல்லாம் அவள், "உனக்கும் துஆக் கேட்டன் புள்ள" என்கிறாள். நானும் ஆமீன் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எனக்காக அவள் எதைக் கேட்டிருப்பாள், கேட்டாளா இல்லையா என்று நினைக்காமல் அந்த ஒரு சொல்லை இப்போதெல்லாம் என்னால் சொல்ல முடிவதில்லை.