மாப்பிள்ளையின் கயிறு

சங்கு குளிக்கும் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலடிக்கு இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் தோணியில் நின்று பிடிப்பான். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்ற நம்பிக்கைதான். என் தங்கை புருஷனுக்கு நான் பிடித்தேன்.

யுத்த காலம். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தங்கைக்கு வயிறு தெரிந்தது. மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆறாம் மாதம் என்று நாங்கள் எண்ணியிருந்தபோது அவளுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. பிள்ளைத் தலை அழுத்துகிறது, சரியாகிவிடும் என்றாள் மருத்துவச்சி. மறுநாளும் போகவில்லை. அவள் வலியில் பாயைப் பிறாண்டியதைப் பார்த்ததும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா ரப்பர் குழாய் விட்டு நீரை எடுத்தார். வயிறு பாதி வற்றியது. வெகுநேரம் சோதித்துவிட்டு, பிள்ளை இல்லை, கட்டி என்றார். புற்று அல்ல, வெறும் தசைக்கட்டிதானாம். ஆனால் வழக்கமான இடத்தில் இல்லாமல் கர்ப்பப்பையின் கழுத்தில் வளர்ந்து மூத்திரப்பையை நெருக்குகிறது. அங்கே வருவது அபூர்வம், அறுப்பதும் கஷ்டம். ரத்தம் நிற்காவிட்டால் கர்ப்பப்பையையே எடுக்க நேரும். அதற்கும் சேர்த்துப் புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார்.

மாப்பிள்ளை காகிதத்தைத் தொடவில்லை. பையை எடுத்துவிட்டால் பிள்ளைக்கு எங்கே போவது என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். உள்ளே தங்கை முனகிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"போடும் கையெழுத்த. இல்லேன்னா நாளையிலருந்து உம்ம கயித்தப் பிடிக்க வேற ஆளப் பாத்துக்கிடும்."

எங்கள் ஆட்களில் எவனும் வாய்விட்டுச் சொல்லாத பேச்சு அது. கொன்றுவிடுவேன் என்பதும் அதுவும் ஒன்றுதான். அவர் முகம் வெளுத்தது. காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மணி நேரம் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து நின்றோம். டாக்டரம்மா வெளியே வந்து, கட்டியை எடுத்தாயிற்று, கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். நான் அழுதேன். மாப்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

தங்கை வீடு திரும்பிய பிறகு மறுபடி கடலுக்குப் போனோம். வழக்கம்போல் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். எப்போதும் ஒரு நிமிஷத்தில், தூக்கு என்று அவர் அடியிலிருந்து சுண்ட, கயிறு துடிக்கும். அன்று துடிக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் ஒரே மூச்சாக இழுத்தேன்.

மேலே வந்தார். இடுப்பில் கட்டிய பையில் ஒரு சங்குகூட இல்லை. தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இழுப்பீரா மாட்டீரான்னு பாத்தேன் மச்சான்."

ஓங்கி அறையலாம் போலிருந்தது. கயிற்றை விட மனம் வராததால் அறையவில்லை.