பூண்டும் சரிகையும்

தறியில் உட்கார்ந்திருந்தபோதே நைனாவுக்குத் தலை சுற்றி, நெய்துகொண்டிருந்த கல்யாணப் புடவையின் மேலேயே கவிழ்ந்தார். எழுந்ததும் முதலில் புடவையைத்தான் பார்த்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அவருக்கு ரத்தக் கொதிப்பு என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக்கொடுத்து, ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்தச் சொன்னார். கீரை, வெங்காயம், பூண்டு நிறையச் சேர்க்கச் சொன்னார். அதோடு நான் விட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். படித்த ரசாயனம் வீட்டுக்கு எப்போது பயன்படும் என்று காத்திருந்தேன்.

"பூண்டுல கந்தகம் இருக்குது நைனா. அந்த நெடியே அதனாலதான். ரத்தக் குழாய்க்கு நல்லதுன்னு சொல்றாங்க."

நைனா மென்றுகொண்டிருந்த பூண்டைத் துப்பினார்.

"கந்தகமா? வெள்ளிக்கு ஆவாதேடா!"

சரிகை என்பது பட்டு இழையில் சுற்றிய வெள்ளி. மேலே தங்க முலாம். தீபாவளியன்று பட்டாசுப் புகை படாமல் தறியையே வேட்டி போட்டு மூடுகிறவர் அவர்.

"பூண்டு தொட்ட கையால சரிகையத் தொட்டா கறுத்துடும். இதக் கட்டப்போற பொண்ணுக்கு நாள் குறிச்சிட்டாங்க. புடவை முடியட்டும், அப்புறம் துன்றேன்."

புடவை பாதிகூட ஆகவில்லை. அம்மா என்னை முறைத்தாள்.

அப்படியெல்லாம் கறுக்காது என்று நிரூபிக்க, துண்டுச் சரிகையை நசுக்கிய பூண்டோடு டம்ளரில் மூடி வைத்தேன். காலையில் பார்த்தால் கறுத்திருந்தது. நைனா அதைத் தெரு முழுக்கக் காட்டினார்.

"எம் பையன் சொன்னது அப்படியே நடந்துக்குதுபா."

அவ்வளவு சந்தோஷமாக அவர் என் படிப்பைப் பற்றிப் பேசியதில்லை. பூண்டு மட்டும் உள்ளே போகவில்லை.

வழி கண்டது அம்மா. "நீ கையால தொட்டாத்தானே? கையப் பின்னால கட்டிக்கினு வாயத் தொற."

அன்றிலிருந்து முருங்கைக்கீரையும் வேகவைத்த பூண்டும் பிசைந்த சோற்றை உருட்டி ஊட்டினாள். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாபா, காது குத்தப் போறாங்களா? மாமன் மடி வேணுமா?" என்றார். நைனா வாய் நிறையச் சோற்றோடு தலையை மட்டும் ஆட்டினார்.

"துன்ன பூண்டு வேர்வையிலயும் கொஞ்சம் வரும்," என்று தொடங்கினேன். அடுத்த உருண்டையை அம்மா என் வாயில் திணித்தாள்.

புடவை கறுக்காமல் போய்ச் சேர்ந்தது. கொதிப்பும் குறைந்திருந்தது. மாத்திரையா, உப்பைக் குறைத்ததா, கீரையா, பூண்டா, எதனால் என்று நைனா டாக்டரைக் கேட்டார். அவர், "எதையும் நிறுத்தாதே," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தோம்.

"புடவைதான் போயிடுச்சே நைனா, இனிமே கையாலயே சாப்பிடலாமே?"

"நாளைக்கு அடுத்த புடவைக்குத் தறியில பாவு ஏத்தறேன்டா," என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார்.