வேனில் ஏறியவர்களுக்கு என்ன பெயர்

முந்தின நாள் வெடிமருந்து ஒட்டிய சேலைகளின் கந்தக வாடையும், தூக்குவாளிகளில் தளும்பும் புளிக்குழம்பின் வாசமும், அதையெல்லாம் மீறிக்கொண்டு யாரோ ஒருத்தி தலையில் வைத்திருக்கும் மரிக்கொழுந்தும் சேர்ந்து, விடிந்தும் விடியாமல் வரும் அந்தப் பட்டாசுக் கம்பெனி வேனுக்கு ஒரு தனி மணம் இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். ஆனாலும் இன்றைக்கு ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர் வரை ரோட்டில் நின்று யாரைக் கேட்டாலும் என் பஸ்களைக் கைகாட்டிச் சொல்வார்கள். யார் தயவிலும் மேலே வந்தவனில்லை நான். வண்டியில் போகிற யாராக இருந்தாலும் 'பாசஞ்சர்'தான் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை அப்படிப் புழங்கவில்லை. டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து போகிறவர்தான் 'பாசஞ்சர்'. கம்பெனி வேனில் மடிமேல் மடியாக நெருக்கி ஏற்றப்பட்ட நாங்கள் 'லோடு'.

என் அக்கா மாரியம்மாளுக்கு அது பிடிக்காது. அப்போது அவளுக்குப் பதினாலு வயது இருக்கலாம்; சங்குசக்கரம் சுற்றுவதில் அவளுக்கு ஈடாக அந்தக் கம்பெனியில் பெரிய ஆள்கூடக் கிடையாது. டிரைவர் அண்ணன் "லோடு ஏறிருச்சா?" என்று குரல் கொடுத்ததும் இவள் உள்ளேயிருந்து விடமாட்டாள்.

"ஏண்ணே, லோடு இப்படி வாயடிக்குமா? பாசஞ்சர்னு சொன்னா ஒங்க நாக்கு தேஞ்சா போயிரும்?"

"டிக்கெட்டு எடு தாயி, சொல்லுதேன்!"

"எடுக்கேன். மொதல்ல உக்கார எடத்தக் காட்டுங்க!"

வேனே சிரிக்கும். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் அக்காவின் மடியில் இருப்பேன். எனக்கும் அங்கே லேபிள் ஒட்டுகிற வேலை.

தீபாவளி சீசன் நெருங்கி ஆர்டர் குவிந்திருந்த ஒரு காலையில், ஊரைத் தாண்டிய வளைவில் வேன் கரிசல்காட்டுக்குள் கவிழ்ந்தது. என்னை நெஞ்சோடு அணைத்திருந்த அக்காவின் கை, எங்களை வெளியே தூக்கிப் போட்ட பிறகும் என் சட்டையை விடவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் சிராய்ப்புதான். அவள் பிழைக்கவில்லை.

சாத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர் விசாரித்துக்கொண்டிருந்தபோது, கம்பெனி கணக்கப்பிள்ளை அவசரமாக வந்தார். வயசு பத்தாத பிள்ளைகளை வேலைக்கு வைத்தது தெரிந்தால் கம்பெனிக்குப் பூட்டு விழும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் பதறாமல் சொன்னார்:

"பெரியவங்கதான் நம்ம ஆளுக சார். இந்தப் பிள்ளையும் பையனும் வழியில கைகாட்டி ஏறுன பாசஞ்சர்."

"இல்ல சார், எங்க அக்கா சக்கரம் சுத்துறவ" என்று நான் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். கணக்கப்பிள்ளை அவளையே பார்த்தார். அந்த வேலையை விட்டால் எங்கள் வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை. அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நீ சொல்லும்மா" என்றார் போலீஸ்காரர்.

அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஆமாங்கய்யா. பாசஞ்சர்தான்."

காரியம் முடிந்த மறுநாளே அம்மா வேலைக்குக் கிளம்பினாள். வேன் வந்து ஆரன் அடித்தது. டிரைவர் புதுசு. அதற்கப்புறம் அம்மா சாகிற வரைக்கும் 'பாசஞ்சர்' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பஸ் முதலாளி ஆகி, முதல் வண்டிக்கு நான் மாலை போட்டுப் பூசை வைத்த அன்று, அம்மாவை உள்ளே ஏறி உட்காரச் சொன்னேன். சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது பிள்ளைகளை யாரும் அப்படி ஏற்றுவதில்லை. அந்த வளைவை நிமிர்த்தி ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். கம்பெனி இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கணக்கப்பிள்ளை போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். அன்று காலை என் அக்கா வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள் என்று சொல்ல, இனி நான் ஒருவன்தான் மிச்சம்.